சைக்கிள் மாரியம்மன்

ஜூன் 5, புதன்

மில் ரோட்டில் சைக்கிள் பாதையைத் திறந்துவிட்டார்கள். ரோட்டின் இடது ஓரத்தில் பச்சைப் பெயின்ட், அதில் வெள்ளையாக ஒரு சைக்கிள் படம், வண்டிகள் உள்ளே வராமல் இருக்க வரிசையாகப் பிளாஸ்டிக் கம்பங்கள். கவுன்சிலர் புதுச் சைக்கிளில் ஏறி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ரங்கராஜ் பேக்கரி வரைக்கும் ஓட்டினார். அங்கே இறங்கி டீ குடித்துவிட்டுக் காரில் போய்விட்டார்.

இன்றைக்கு எனக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை. நாளையிலிருந்து என் பெண் ஜீவிதா சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். இருபத்திரண்டு வயதாகிறது. எம்பிராய்டரி கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. பஸ்ஸில் போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இத்தனை நாள் என் வீட்டுக்காரர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். மோட்டார் கம்பெனியில் இவருக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். இனி விட ஆள் இல்லை. சைக்கிளில் போனால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இந்த ஊரில் வண்டி ஓட்டுவது கண்ணால் இல்லை, ஹாரனால். பின்னால் வருகிறவன் அடிப்பான், முன்னால் போகிறவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்கத் தெரியாத பெண்ணை அவன் என்ன செய்வான் என்று நினைத்து நினைத்துத்தான் நான் அவளை ரோட்டில் சைக்கிள் எடுக்க விட்டதில்லை. இப்போது தனிப் பாதை வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் லாரி வராது.

ஜூன் 6, வியாழன்

போனாள், வந்தாள். முகத்தில் அத்தனை சிரிப்பு.

நானும் காலையில் ஸ்கூட்டியில் அந்தப் பக்கமாகத்தான் போனேன். "உன்ற ஸ்கூலு கெழக்காலயல்லொ இருக்குது?" என்று இவர் கேட்டார். பெட்ரோல் பங்க் மேற்கில்தான் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

வயிறு எரிகிறது. ரங்கராஜ் பேக்கரிக்கு முன்னால் பச்சைப் பெயின்டே தெரியவில்லை, அவ்வளவு பைக். இரண்டு கம்பங்களைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். டீ குடிக்கிறவன், பஃப்ஸ் தின்கிறவன், சும்மா போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன், எல்லோருடைய பைக்கும் பாதையில்தான். ஜீவிதா இறங்கி, சைக்கிளைத் தூக்கி ரோட்டில் வைத்து, மறுபடி ஏறினாள். மினி பஸ்காரன் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஹாரனை அழுத்திப் பிடித்தான். அவள் பாட்டுக்குப் போனாள். தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "காது செவுடா?" என்று கத்திவிட்டுப் போனான்.

இந்த ஊர் ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற வார்த்தைதான் அது. அவளுக்கு அதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. (பங்கில் நேற்றுக் கூட்டம், அதனால் இன்றைக்கும் அந்தப் பக்கம் போயிருந்தேன்.)

ரங்கராஜிடம் போய்க் கேட்டேன். மரியாதையான மனுஷன்தான். எழுந்து நின்றுதான் பேசினார். "நான் என்னங்க்கா பண்றது? வண்டிய எடுங்கன்னு சொன்னா கஸ்டமரு அடுத்த கடைக்குப் போயிருவானுங்க. நாளெல்லாம் பாத்தாலும் சைக்கிளு பத்து வருமா?" என்றார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

மாநகராட்சி ஆபீசில் மனு கொடுத்தேன். ஸ்கூல் ஆபீசில் இருபது வருஷமாகக் கடிதம் எழுதுகிற கை. பிழையில்லாமல், வரிசை எண் போட்டு எழுதினேன். பாதையில் வண்டி நிறுத்துவதைத் தடுக்க வேண்டும், பிடுங்கிய கம்பங்களைத் திரும்ப நட வேண்டும், சாக்கடை மூடியின் சந்தில் சைக்கிள் சக்கரம் இறங்குகிறது, அதை மாற்ற வேண்டும், நாலு முக்கில் சைக்கிள்கள் கடக்க வழி வேண்டும். பொதுமக்கள் நலன் கருதி ஆவன செய்யுமாறு.

இவர் படித்துப் பார்த்துவிட்டு, ஜீவிதாவைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டார். எதற்கு எழுத வேண்டும்? அவளைக் காட்டிப் பிச்சையா கேட்கிறேன்? பாதை எல்லோருக்கும் போட்டதுதானே.

ஜூன் 20, வியாழன்

போனில் மெசேஜ் வந்தது. என் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுத் தீர்வு காணப்பட்டதாம். போய்ப் பார்த்தேன். பைக்குகளோடு ஒரு தண்ணீர் கேன் வண்டியும் சேர்ந்து நின்றது.

ஜூன் 24, திங்கள்

என்ஜினீயர் கௌதமைப் பார்த்தேன். பாதையைப் போட்டவர் அவர்தான். சின்ன வயசு, நல்ல பையன், அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். பாதை போடுவதுதான் தங்கள் வேலை, வண்டியை எடுக்கச் சொல்வது டிராபிக் போலீஸ் வேலை என்றார். டிராபிக் போலீசில் கேட்டால், அது மாநகராட்சி இடம், அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் வருவோம் என்றார்கள். கௌதமிடம் திரும்பி வந்தேன். சாப்பிடப் போய்விட்டார்.

ஜூன் 26, புதன்

இரண்டாவதை அந்த மெசேஜ் வந்த மறுநாளே கொடுத்திருந்தேன். இது மூன்றாவது மனு. வாங்கின ஆள் என்னைப் பார்த்ததும், "வாங்க சைக்கிளக்கா" என்றான்.

திரும்பி வரும்போது மில் காம்பவுண்டு சுவரைப் பார்த்தேன். போன வருஷம் வரை அந்தச் சுவர் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதி, அபராதம் என்று எழுதி, கடைசியில் அசிங்கமாகவும் எழுதிப் பார்த்தார்கள். எவனும் கேட்கவில்லை. பிறகு சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்தார்கள். அன்றோடு நின்றுவிட்டது. போலீசுக்குப் பயப்படாதவன் டைல்ஸ் முருகனைப் பார்த்து ஜிப்பைப் போட்டுக்கொண்டு போகிறான்.

ஜூன் 28, வெள்ளி

விடிவதற்கு முன்னால் பால் வாங்கப் போனபோது வைத்துவிட்டு வந்தேன்.

பாதை போட்டபோது தோண்டிப் போட்ட கருங்கல், முழங்கால் உயரம் இருக்கும், எங்கள் வீட்டு முக்கில்தான் கிடந்தது. கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, ஒரு கொத்து வேப்பிலையும் செருகினேன். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஏற்றிக் கொண்டுபோய், பேக்கரிக்கு முன்னால் பாதையின் நட்டநடுவில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சைக்கிள் போக வழி இருக்கிறது.

இவரிடம் சொல்லவில்லை. ஜீவிதா என் நகக்கண்ணில் இருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டுச் சைகையில் என்னவென்று கேட்டாள். ரசம் வைத்தேன் என்றேன். வேலைக்குப் போகிற வழியில் கல்லைப் பார்த்திருப்பாள். சாயங்காலம் வந்ததும் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து அப்படிச் சிரித்தாள்.

ஜூலை 1, திங்கள்

ஒரு பைக் இல்லை. பேக்கரி முன்னால் பச்சைப் பெயின்ட் பளபளவென்று கிடக்கிறது. செருப்போடு மிதிக்கக்கூடத் தயங்குகிறார்கள். ரங்கராஜே வெளியே வந்து, "சாமி இருக்குதப்பா, அந்தப் பக்கம் நிறுத்து" என்று சொல்கிறார். மூன்று மனு செய்யாததை மூன்று ரூபாய் மஞ்சள் செய்துவிட்டது. ஜீவிதா கல்லைச் சுற்றிக்கொண்டு காற்றாகப் போகிறாள்.

சந்தோஷமாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது. என் கையெழுத்துக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை என்பது தெரிந்துபோனதே.

ஜூலை 6, சனி

யாரோ எலுமிச்சம்பழ மாலை போட்டிருக்கிறார்கள். பேர் வைத்துவிட்டார்கள், சைக்கிள் மாரியம்மன். தானாகத் தோன்றியதாம்.

ஜூலை 12, வெள்ளி

கல்லுக்கு வெயில் படுகிறதென்று நாலு குழாயை ஊன்றித் தகரம் போட்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு உண்டியல், சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. வலது பக்க வழி அடைபட்டது. இடது பக்கம் ஒரு சைக்கிள் மட்டும் போகலாம், ஹேண்டில் உரசாமல் போனால்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

சிமென்ட் மேடை, கம்பி கேட், டியூப் லைட், ஒலிபெருக்கி. பாதையை முழுசாக மறித்துக் கட்டிவிட்டார்கள். 'விழாக் குழுத் தலைவர் ரங்கராஜ்' என்று பிளக்ஸ், கவுன்சிலர் கும்பிடுகிற படத்தோடு. கும்பிட வருகிறவர்கள் பைக்கை எங்கே நிறுத்துகிறார்கள்? மிச்சமிருக்கிற பச்சைப் பெயின்டில்தான். சாமி கும்பிடத்தானே வந்தோம், அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள் என்கிறார்கள்.

எனக்கு வாயில் வருவதையெல்லாம் எழுதினால் இந்த நோட்டு தாங்காது.

ஜூலை 22, திங்கள்

கௌதமிடம் போனேன். கோயில் என்றதும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "கோயில்ல நாங்க கை வெக்க முடியாதுங்க்கா. பிரச்சனை ஆயிருமுங்க. பைக்கா இருந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்." பைக்காக இருந்தபோது என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். போன் வந்தது போல எழுந்து போனார். போன் அடிக்கவே இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

விடிகாலையில் கல்லை எடுத்துவிடலாம் என்று போனேன். கம்பி கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் வைத்த கல்லுக்கு எவனோ பூட்டுப் போடுகிறான்.

சாயங்காலம் ஜீவிதாவோடு சண்டை. கோயில் இருக்கிற இடத்தில் அவள் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால் காலையில் நான் கொஞ்சம் பக்கத்தில் போனேன், அவ்வளவுதான். சிக்னலில் திரும்பிப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கையை வீசி வீசிப் பேசினாள். தினமும் வருவது தனக்குத் தெரியும், சைக்கிள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் போகிறாள், கம்பெனியில் எல்லோரும் கேலி செய்கிறார்கள், இன்னொரு நாள் பின்னால் வந்தால் வேலையை விட்டுவிடுவாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஜீவிதா விழுந்துவிட்டாள். சரி என்று சொன்ன பிறகும் தள்ளித் தள்ளிப் பின்னால் போய்க்கொண்டுதான் இருந்தேன், இன்றைக்குத்தான் நான் போகவில்லை.

ஜூலை 31, புதன்

இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. மாவுக்கட்டு. தோளில் சிராய்ப்பு. தலைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

கோயிலைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கியிருக்கிறாள். பின்னால் கார். அவன் ஹாரன் அடித்தானாம். "அத்தன தடவ அடிச்சனுங்க, ஒதுங்கவே இல்லீங்க" என்று ஆஸ்பத்திரியில் என்னிடமே சொன்னான். பிரேக் என்று ஒன்று இருப்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. இவர் மட்டும் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்? கோயில் மேடையில். உடைந்த கையில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்கள். லாரியாக இருந்திருந்தால் போயிருப்பாள், கார்தான் வந்தது, எல்லாம் அம்மன் காப்பாற்றியதுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. இன்று காலையில் அங்கே கூட்டம் இரண்டு மடங்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

கம்பெனியிலிருந்து பேசினார்கள். கை சரியாகி வரட்டும், இடம் இருக்கும் என்றார்கள். எப்படி வருவாள் என்று அவர்களே கேட்டார்கள். ஜீவிதா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். ஆடி வெள்ளி என்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜீவிதாவும் கட்டுப் போட்ட கையோடு கூடவே வந்தாள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ரங்கராஜிடம் நேராகப் போனேன். இந்தக் கல்லை வைத்தது நான்தான், மாநகராட்சி தோண்டிப் போட்ட கல், என் வீட்டு மஞ்சள், உங்கள் கடை பைக்குகளை நிறுத்தத்தான் வைத்தேன் என்று சத்தமாகச் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். ரங்கராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர்.

"அம்மா கனவுல வந்து சொன்னாளுங்களாக்கா?"

"கனவுமில்ல, ஒண்ணுமில்ல. நானா வெச்சதுங்க."

"நீங்களா வெச்சதா நெனைக்கறீங்க. வெக்கச் சொன்னது அவளுங்க்கா."

மைக்கை வாங்கி ஊருக்கே சொன்னார். அம்மனை ஊன்றின கை இந்த வசந்தாமணி அக்கா கைதான், அம்மன் காப்பாற்றின பெண் இவர்கள் பெண்தான் என்று. பெண்கள் என் காலில் விழ ஆரம்பித்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு ஆள்கூட நான் சொன்னதைக் கேட்கவில்லை.

அப்போதுதான் வந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் வந்தது. மாலையைப் பிய்த்து எறிந்தேன். கொண்டை ஊசியும் கூடவே போய் முடி அவிழ்ந்து விழுந்தது. "நிறுத்துங்கடா" என்று கத்தினேன். பம்பைக்காரன் நிறுத்துவதற்குப் பதிலாக அடியை மாற்றி வேகமாக அடித்தான். கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"யாரக் கேட்டுடா வழிய மறிச்சீங்க? என்ற புள்ளைக்குக் காது கேக்காது. பின்னால வர்ற வண்டி அவளுக்குத் தெரியாது. அவ போய்வர இருந்தது இந்த ஒரு வழிதான். அத மறிச்சு மேடை கட்டி, என்ற புள்ளையக் கொண்டுபோய்க் கார்ல தள்ளிவிட்டுட்டு, கூழு ஊத்தறீங்களாடா?"

இத்தனை வருஷத்தில் அவளுக்குக் காது கேட்காது என்று ஊர் முன்னால் நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

ரங்கராஜ் அப்படியே மண்டியிட்டார். "தப்புத்தான் தாயே. உன்னைய எங்க நகத்தி வெக்கட்டும், உத்தரவு குடு தாயே" என்றார்.

கொடுத்தேன். கல்லை எடுத்து உன் கடை வாசல் திண்டில் வை. மேடையை உடை. பைக் ஒன்றுகூடப் பாதையில் நிற்கக் கூடாது. பிடுங்கின கம்பத்தை நடு. சாக்கடை மூடியை மாற்று. நாலு முக்கில் சைக்கிளுக்கு வழி விடு. மனுவில் இருந்த அதே வரிசை, எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே. ஆவன செய்யுமாறு என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கவுன்சிலர் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "சரி தாயே" என்றார்.

ஜீவிதா நல்ல கையால் என்னைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சாமி வந்ததா என்று இவர் பயந்துபோய்க் கேட்டார். ஒரு சாமியும் வரவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்துதான் சொன்னேன். வந்தது கோபம். கூட்டத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத ஆள் ஜீவிதா ஒருத்திதான். அந்த முகத்தை அவள் வீட்டில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

மேடை இல்லை. அம்மன் பேக்கரித் திண்டுக்குப் போய்விட்டாள். கம்பங்கள் நட்டாயிற்று. சாக்கடைக்குப் புது மூடி. நாலு முக்கில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தே நாளில். அப்படியென்றால் இத்தனை நாளும் இவர்களால் முடிந்திருக்கிறது. செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, புதன்

வாசலில் ஆட்கள். பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று ஒரு அம்மா. வழக்கு ஜெயிக்குமா என்று ஒருவர். எல்லோரையும் திட்டி அனுப்பினேன். திட்டையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சாயங்காலம் என்ஜினீயர் கௌதம் வந்தார், கையில் ஆப்பிள் பையோடு. ஸ்டேஷன் ரோட்டிலும் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களாம். மறித்துக் கடை போட்டிருக்கிறார்களாம். நெளிந்துகொண்டே சொன்னார். "நாங்க சொன்னா கேக்க மாட்டீங்கறாங்க. ஒரு வெள்ளிக்கெழம நீங்க அங்க வந்தீங்கன்னா…"

கேட்டைச் சாத்தினேன். ஆப்பிளைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 23, திங்கள்

கட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது. இன்றைக்கு ஜீவிதா மறுபடி சைக்கிளை எடுத்தாள். நான் வாசலில் நின்றேன். முக்குத் திரும்புகிற வரைக்கும் அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு உள்ளே வந்து, கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். ஸ்கூலுக்குக் கிழக்கு வழியாகவே போனேன்.

சாயங்காலம் வந்தவள் பையைக்கூட வைக்காமல் கையால் சொல்ல ஆரம்பித்தாள். மருந்துக்கடை முன்னால் ஒரு பெரிய கார் பாதையை அடைத்து நின்றிருக்கிறது. உள்ளே ஆள் இருந்தான். கண்ணாடியைத் தட்டினாளாம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி தட்டினாளாம். போ போ என்று கையை ஆட்டினானாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, காருக்கு முன்னால் போய் நின்று, ரிப்பனை உருவி, முடியை அவிழ்த்துப் போட்டு, அவனையே முறைத்துப் பார்த்தாளாம். ஒரு சத்தம் இல்லை. அவன் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான்.

எனக்கு நடித்துக் காட்டினாள், கண்ணை உருட்டி, முடியை முன்னால் போட்டுக்கொண்டு. இவர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமினார். நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு அவளை உட்கார வைத்து அந்த முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன். பின்னப் பின்னக் கோபம் வந்தது. என் பெண் வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வர, இந்த ஊரில் அவள் சாமி ஆக வேண்டியிருக்கிறது.